எது வண்டியின் வேலை, எது செல்போனின் வேலை?

வழிகாட்டும் வரைபடம் முதல் விபத்து நேரத்து அவசர அழைப்பு வரை, வாகனத்துக்குள் இருக்கும் கணினியும் சட்டைப்பைக்குள் இருக்கும் கணினியும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீட்டில் வண்டியின் விலையும் ஆயுளும் அடங்கியிருக்கின்றன. சில நேரங்களில் ஓட்டுபவரின் உயிரும்.

2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 'மீட்டியார் 350' பைக்கை அறிமுகப்படுத்தியபோது, அதன் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டத்திரை முளைத்திருந்தது. பெயர் 'ட்ரிப்பர்'. போக வேண்டிய இடத்தைச் செல்போனில் பதிந்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அதற்கு இன்னும் எத்தனை மீட்டர் இருக்கிறது என்பதை அந்த வட்டம் அம்புக்குறியாகக் காட்டும். அதற்குள் வரைபடம் கிடையாது, சிம் கார்டும் கிடையாது. வழியைக் கணக்குப் போடுவது முழுக்க முழுக்கச் செல்போன்தான்.

மூன்றே ஆண்டுகளில், 2023 நவம்பரில், அதே நிறுவனத்தின் 'ஹிமாலயன் 450' வந்தது. வட்டத்திரை பெரிதாகியிருந்தது. அம்புக்குறிக்குப் பதிலாகக் கூகுள் வரைபடமே அதில் விரிந்தது. செல்போன் அந்தப் படத்தை வைஃபை வழியாகத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நேர் எதிரான பாதையில் போனவர்கள், சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும். அவர்கள் தொடங்கிய ஏத்தர் நிறுவனம் 2020 ஜனவரியில் அறிமுகம் செய்த '450எக்ஸ்' மின் ஸ்கூட்டருக்குச் சொந்தமாக சிம் உண்டு, பிராசஸர் உண்டு, ஆண்ட்ராய்டு அடிப்படையிலான மென்பொருள் உண்டு. கூகுள் வரைபடம் ஸ்கூட்டரிலேயே ஓடுகிறது. செல்போன் வீட்டில் இருந்தாலும் வழி தெரியும்.

சென்னையின் தென்மேற்கு விளிம்பில் ஒரகடம், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டின் தொழிற்சாலைகள். ஓசூரில் ஏத்தரின் தொழிற்சாலை. தமிழ்நாட்டுக்குள்ளேயே, ஒரே வழிகாட்டும் வேலையை வண்டிக்கும் செல்போனுக்கும் பிரித்துக் கொடுக்க மூன்று விதமான முடிவுகள். மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. மூன்றுக்கும் விலையும் இருக்கிறது.

எந்த வேலையை வண்டி செய்வது, எதைச் செல்போனிடம் விடுவது என்பது வடிவமைப்புக் கூடத்தோடு முடிந்துபோகும் விஷயமாகத் தோன்றலாம். வாங்கியவரோ அதன் விளைவைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அனுபவிக்கிறார். இரண்டே கேள்விகளால் இந்தப் பங்கீட்டை எடைபோட்டுவிடலாம். செல்போன் இல்லாதபோதும் நடந்தே ஆக வேண்டிய வேலையா இது? அப்படியென்றால் அது வண்டிக்குள் இருக்க வேண்டும். சில ஆண்டுகளிலேயே பழசாகிப்போகும் வேலையா? அப்படியென்றால் அதைச் செல்போனிடம் விடுவது நல்லது. இந்தத் துறையின் முப்பதாண்டு வரலாற்றில் வந்த பெரிய சிக்கல்கள் பலவும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கத் தவறியதால் வந்தவை.

இரண்டு கணினிகள், இரண்டு குணங்கள்

இணைய வசதியுள்ள காரில் டேஷ்போர்டுக்குப் பின்னாலோ கூரைக்கு அடியிலோ ஒரு சிறிய பெட்டி இருக்கும். டெலிமேட்டிக்ஸ் யூனிட் என்பது அதன் பெயர். உள்ளே ஒரு மோடம், கழற்ற முடியாதபடி பதித்த சிம், ஜிபிஎஸ் ரிசீவர், அளவான திறன் கொண்ட பிராசஸர். மோதலில் முதன்மை பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பதற்காகப் பல கார்களில் இதற்கென்று தனி பேட்டரியும் உண்டு.

இந்தப் பெட்டியின் உண்மையான பலம் அதன் இணைப்பில் இருக்கிறது. இன்ஜின், பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 'கேன்' என்ற பொதுக் கம்பித்தடத்தைப் பயன்படுத்துகின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் உலகுக்கு அறிமுகம் செய்த தொழில்நுட்பம் அது. அதன் பழைய வடிவத்தில் உச்ச வேகம் வினாடிக்கு 10 லட்சம் பிட்தான். ஆனால் ஏர்பேக் விரிந்ததா, சக்கரங்கள் என்ன வேகத்தில் சுழல்கின்றன, ரிவர்ஸ் கியர் விழுந்திருக்கிறதா என்ற செய்திகள் எல்லாம் அந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன. டெலிமேட்டிக்ஸ் பெட்டிக்கு அவை கிடைக்கும். செல்போனுக்கு நேரடியாகக் கிடைக்காது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாகனத்துக்கென்று செய்யும் சிப்புகள் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலும், 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், சில வகைகள் அதற்கு மேலும் வேலை செய்யும்படி சோதிக்கப்படுகின்றன. ஐபோனைப் பூஜ்யத்திலிருந்து 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வேலூரிலோ திருச்சியிலோ மே மாத நண்பகலில் பைக் ஹேண்டிலில் மாட்டிய செல்போன் அந்த வரம்பைத் தாண்டிய இடத்தில்தான் வேலை செய்கிறது.

மற்ற எல்லாவற்றிலும் செல்போன் முந்திவிடுகிறது. கார் ஒன்றின் கணினிச் சிப்பை அது சந்தைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு அந்தக் கார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறது. செல்போனையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே மாற்றிவிடுகிறார்கள். புது பிராசஸர், வேகமான நெட்வொர்க், உரிமையாளரின் தொடர்பு எண்கள், பாட்டு, கணக்குகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மாதக் கட்டணமும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் இடங்களும் உண்டு. மணாலியிலிருந்து லே போகும் பாதையில், 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டர் நீளம். உள்ளே செயற்கைக்கோள் சிக்னல் எட்டாது. தனியாக விடப்பட்ட செல்போன் தன் இடத்தை ஊகிக்கத்தான் முடியும். காரிடம் சக்கரச் சுழற்சியின் கணக்கும் திசை மாற்றத்தை உணரும் கருவியும் இருக்கின்றன. அவற்றைப் போனுக்குக் கொடுத்தால், இருட்டுக்குள்ளும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைச் செல்போன் கணக்கிட்டுவிடும்.

அம்பா, படமா?

ட்ரிப்பரின் அம்புக்குறிக்கும் ஹிமாலயனின் வரைபடத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தை எண்களில் பார்த்தால் தெளிவாகப் புரியும். அம்புக்குறிக்குத் தேவை, எந்த வகைத் திருப்பம், எத்தனை மீட்டர் என்ற இரண்டு செய்திகள். சில பத்து பைட்டுகளில் அடங்கிவிடும். புளூடூத்தின் மிகக் குறைந்த மின்சாரம் போதும். பின்சீட்டில் உட்கார்ந்து வழி தெரிந்த ஒருவர் "அடுத்த சிக்னலில் லெஃப்ட்" என்று சொல்வது போன்றது அது.

படம் அனுப்புவது வேறு கதை. கார் திரைகளில் பரவலாக இருந்துவந்த 800-க்கு 480 புள்ளிகள் என்ற அளவையே எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தில் 3,84,000 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால், ஒரு படம் சுமார் 11.5 லட்சம் பைட். வினாடிக்கு 30 படங்கள் என்றால் ஏறத்தாழ 3.45 கோடி பைட். இதை அப்படியே அனுப்ப முடியாது. எனவே எச்.264 போன்ற வீடியோ முறையில் சுருக்கி அனுப்புகிறார்கள். சுருக்குவது செல்போனின் வேலை, விரிப்பது வண்டித்திரையின் வேலை. ஜிபிஎஸ், வரைபடம் வரைதல், வீடியோ சுருக்கம், வைஃபை நான்கும் ஒரே நேரத்தில் ஓடும்போது செல்போன் சூடாவதும் பேட்டரி இறங்குவதும் இயல்பு.

அதற்குப் பலனும் இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாகச் சாலைகள் பிரியும் மேம்பாலத்தில் அம்புக்குறி ஓட்டுநரைக் குழப்பலாம். வரைபடம் பார்த்தவுடன் புரியும். ஊருக்குள் வேலைக்குப் போகும் ஒருவருக்கு அம்பு போதும். தெரியாத மலைப்பாதையில் போகிறவருக்குப் படம் தேவைப்படும்.

இப்படிக் கணக்குப் பார்த்து வேலையைப் பிரிப்பது கணினி அறிவியலில் நீண்ட காலமாக ஆராயப்படும் துறை. 2010-ல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆய்வாளர்கள் பங்கேற்ற 'மௌயி' என்ற ஆய்வு, செல்போன் செயலியின் ஒவ்வொரு பகுதியையும் ஓடும் நேரத்திலேயே எடைபோட்டது. அந்தப் பகுதியைப் போனிலேயே செய்ய எவ்வளவு மின்சாரம் ஆகும், தரவை வெளியே அனுப்பி விடையைத் திரும்பப் பெற எவ்வளவு ஆகும் என்று ஒப்பிட்டு, மலிவான வழியைத் தேர்ந்தெடுத்தது. வாகனத்தில் இந்தக் கணக்குக்கு இன்னொரு வரியும் சேர வேண்டும். இணைப்பு நடுவழியில் அறுந்தால் என்ன ஆகும்? பாட்டு நின்றால் ஒன்றும் ஆகாது. பிரேக் எச்சரிக்கை நின்றால்?

2008-ல் ஊமையான கார்கள்

எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தோன்றும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் அப்படித்தான் தொடங்கியது. 'ஆன்ஸ்டார்' என்ற அதன் சேவை முதலில் 1997 மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. காருக்குள் பதித்த செல்போன் மோடமே சேவை மையத்தை அழைக்கும். ஏர்பேக் விரிந்தால் மையத்துக்குத் தானாகத் தகவல் போகும். அன்றைய நிலையில் அது பெரிய பாய்ச்சல்.

ஆனால் அந்த ஆரம்பகால மோடம்கள் அனலாக் நெட்வொர்க்கில் பேசின. 2008 பிப்ரவரியோடு அனலாக் சேவையை நிறுத்திக்கொள்ள அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்கு அரசின் அனுமதி கிடைத்தது. அனலாக்கில் மட்டும் பேசத் தெரிந்த கார்கள் அந்த ஆண்டின் தொடக்கத்தோடு ஆன்ஸ்டாரை இழந்தன. இன்ஜின் நன்றாக ஓடியது, ஏர்பேக் தயாராக இருந்தது. உதவிக்கு அழைக்கும் குரல் மட்டும் போய்விட்டது. 2022-ல் அமெரிக்காவில் 3ஜி மூடப்பட்டபோது, பல நிறுவனங்களின் கார்களில் இதே கதை மறுபடியும் நடந்தது.

ஃபோர்டு எதிர்த்திசையில் போனது. மைக்ரோசாஃப்ட்டுடன் சேர்ந்து 2007 ஜனவரியில் அறிவித்த 'சிங்க்' அமைப்பில், காருக்கென்று தனி மோடம் இல்லை. ஓட்டுநரின் செல்போனை புளூடூத்தில் இணைத்து, அதையே மோடமாகப் பயன்படுத்தியது. பிறகு வந்த '911 அசிஸ்ட்' வசதியில் ஏர்பேக் விரிந்தால், ரத்து செய்யச் சில வினாடிகள் அவகாசம் கொடுத்துவிட்டு, அந்தப் போன் வழியாகவே அவசர எண்ணை அழைத்தது. மாதக் கட்டணம் கிடையாது. நெட்வொர்க் தலைமுறை மாறினால், உரிமையாளர் புதுப் போன் வாங்கும்போது காரும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்டுவிடும்.

ஆன்ஸ்டார் விட்ட ஓட்டையை ஃபோர்டு அடைத்தது. ஃபோர்டு விட்ட ஓட்டை, செல்போன் சார்ஜ் இல்லாமலோ இணைக்கப்படாமலோ மோதலில் நொறுங்கியோ கிடக்கும் நாளில் திறந்துகொள்ளும்.

திரை காரில், மூளை போனில்

பாட்டு, வழிகாட்டல், குறுஞ்செய்தி போன்ற சீக்கிரம் பழசாகும் வேலைகளுக்கு 2014-ல் ஒரு தீர்வு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியையொட்டி ஆப்பிளின் 'கார்ப்ளே', ஜூனில் கூகுளின் 'ஆண்ட்ராய்டு ஆட்டோ'. இதற்கு முன்பே நோக்கியாவின் முயற்சியில் பிறந்த 'மிரர்லிங்க்' இருந்தது. ஆனால் செல்போன் சந்தையைக் கையில் வைத்திருந்த இருவரும் தனித்தனி வழியில் போனதால் அது மங்கிவிட்டது.

இரண்டின் உள்ளமைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். செயலிகள் ஓடுவது செல்போனில். திரைப்படிமத்தை வீடியோவாக்கி யுஎஸ்பி கேபிளிலோ வைஃபையிலோ காருக்கு அனுப்புகிறது. கார் அதை விரித்துத் திரையில் காட்டுகிறது, விரல் எங்கே தொட்டது என்பதைத் திருப்பி அனுப்புகிறது. கூடவே ஜிபிஎஸ் இடம், வேகம், இரவா பகலா, கார் நிற்கிறதா ஓடுகிறதா என்ற செய்திகளும் போகின்றன. ஓடும் காரில் விசைப்பலகையை மறைப்பது போன்ற முடிவுகள் இந்தச் செய்திகளை வைத்தே எடுக்கப்படுகின்றன.

குரல் கட்டளையிலும் அழகான பங்கீடு இருக்கிறது. கார் மைக்குகள் எங்கே இருக்கின்றன, ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்பது காருக்குத் தெரியும். எனவே எதிரொலியையும் இரைச்சலையும் கழித்துச் சுத்தமான குரலைக் கொடுப்பது காரின் பொறுப்பு. அந்தக் குரலில் என்ன சொல்லப்பட்டது என்று புரிந்துகொள்வது செல்போனும் அதற்குப் பின்னால் இருக்கும் சர்வரும். ஆண்டுதோறும் மேம்படும் பேச்சு அறிதல் நுட்பம், காரை மாற்றாமலேயே மேம்பட்டுவிடுகிறது.

ரிவர்ஸ் கேமரா மட்டும் இந்தப் பாதையில் வரவே வராது. அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். ரிவர்ஸ் கியர் விழுந்த 2 வினாடிக்குள் பின்பக்கப் படம் திரையில் தெரிய வேண்டும் என்பது விதி. செல்போன் என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி, கார் அதைத் தள்ளிவிட்டுத் தன் கேமராப் படத்தைக் காட்டிவிடும். பின்னால் ஒரு குழந்தை நிற்கக்கூடிய அந்தத் தருணத்தில் செல்போன் இணைப்பை நம்பியிருக்க முடியாது.

மோதலுக்குப் பிறகான நிமிடங்கள்

வேலைப் பங்கீடு உயிரோடு நேரடியாக மோதும் இடம் விபத்து. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சந்தையின் விருப்பத்துக்கு விடாமல் சட்டமாக்கியது. 2018 மார்ச் 31 முதல் அங்கே புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களில் 'ஈ-கால்' வசதி கட்டாயம். அது காருக்குள்ளேயே பதித்த கருவியாக இருக்க வேண்டும், ஓட்டுநரின் செல்போனை நம்பியிருக்கக் கூடாது. மோதல் நடந்தால் கார் தானே 112-ஐ அழைக்கும். அழைப்போடு 140 பைட் அளவுக்கு ஒரு தகவல் தொகுப்பும் போகும். நேரம், இடம், கார் போய்க்கொண்டிருந்த திசை, வாகன அடையாள எண், எரிபொருள் வகை எல்லாம் அந்த 140 பைட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. திசை எதற்கு என்றால், நடுவில் தடுப்புச் சுவர் உள்ள நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்கு. மீட்புக்குழு சென்றுசேரும் நேரம் நகரங்களில் 40 சதவீதமும் கிராமப்புறங்களில் 50 சதவீதமும் குறையலாம் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு.

அங்கேயும் நெட்வொர்க் மூப்பு துரத்துகிறது. முதல் தலைமுறை ஈ-கால் 2ஜி, 3ஜியில் பேசுகிறது. அவை மூடப்பட்டுவருவதால் 4ஜி, 5ஜியில் இயங்கும் புதிய தரத்துக்கு ஐரோப்பா மாறிக்கொண்டிருக்கிறது. செல்போனை நம்பாதே என்று சட்டம் எழுதும்போது, உள்ளே வைக்கும் கருவியைக் காலத்துக்கேற்ப மாற்றவும் வழி எழுத வேண்டியிருக்கிறது.

செல்போன்களும் விபத்தை உணரக் கற்றுக்கொண்டன. 2022 செப்டம்பரில் வந்த ஐபோன் 14, புவியீர்ப்பைப் போல 256 மடங்கு வரை முடுக்கத்தை அளக்கும் உணரியோடு வந்தது. ஏர்பேக் விரியும்போது காருக்குள் மாறும் காற்றழுத்தம், மோதலின் சத்தம், ஜிபிஎஸ் வேகம் திடீரென்று விழுவது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து விபத்து என்று முடிவெடுக்கிறது. சில மாதங்களுக்குள்ளேயே ரோலர் கோஸ்டரில் சுற்றியவர்களின் போன்களும், பனிச்சறுக்கு ஆடியவர்களின் போன்களும் அமெரிக்க அவசர உதவி மையங்களைத் தவறாக அழைத்தன. காற்றழுத்தத்தையும் சத்தத்தையும் வைத்துச் செல்போன் ஊகிக்க வேண்டியதை, ஏர்பேக் கருவி ஒரே ஒரு சிக்னலில் உறுதியாகச் சொல்லிவிடும். இரண்டும் பேசிக்கொண்டால் தவறான அழைப்புகளும் குறையும், உண்மையான அழைப்பும் தவறாது.

இந்தியாவுக்கு இது மிக நெருக்கமான விஷயம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 சதவீதத்துக்கும் அதிகமானோர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். பெரும்பாலான பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் ஏர்பேக் கிடையாது, மோடம் கிடையாது. வண்டி சாய்ந்ததை உணரும் எளிய உணரியும், அதைச் செல்போனுக்குச் சொல்லும் புளூடூத்தும் அவற்றுக்குக் கட்டுப்படியாகும் விலையில் சாத்தியம். விழுந்த வண்டியையும் அசைவற்ற செல்போனையும் சேர்த்துப் பார்த்து எடுக்கும் முடிவு, தனியாகச் செல்போன் எடுக்கும் முடிவைவிட நம்பகமானது. 2018 பிப்ரவரியிலேயே ஓசூர் டிவிஎஸ் நிறுவனம் 'என்டார்க் 125' ஸ்கூட்டரில் புளூடூத் இணைப்பைக் கொண்டுவந்துவிட்டது. அழைப்பு விவரமும் வழித்திருப்பமும் காட்டப் பயன்படும் அதே வகை இணைப்பு, உயிர் காக்கும் செய்தியையும் சுமக்க முடியும்.

திறந்து கிடந்த வழி

2015 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நெடுஞ்சாலையில் ஒரு ஜீப் செரோக்கி போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் 'வயர்ட்' இதழின் ஆண்டி கிரீன்பெர்க். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் மைல்கணக்கான தூரத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி அந்தக் காரின் ஏசியையும் வைப்பரையும் இயக்கினார்கள். பிறகு இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகாமல் செய்தார்கள். அவர்கள் நுழைந்த வழி, செல்போன் நெட்வொர்க்கில் இணைந்திருந்த 'யூகனெக்ட்' திரை அமைப்பு. அதிலிருந்து கேன் தடத்தோடு பேசும் சிப்பின் மென்பொருளை மாற்றி எழுதி, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இருக்கும் உலகத்துக்குள் புகுந்துவிட்டார்கள். 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

இணையம் எங்கே நுழைகிறதோ அந்த இடத்துக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒரு காவல் வேண்டும் என்பதைத் தொழில்துறை முழுவதும் உணர்ந்த நிகழ்வு அது. இன்றைய வடிவமைப்புகளில் பலவும் கேட்வே என்ற இடைக்கருவி வழியாகவே செய்திகளைக் கடத்துகின்றன. வேகம் என்ன என்று வெளியே சொல்லலாம், வேகத்தை மாற்று என்று உள்ளே வரும் கட்டளையை ஏற்கக் கூடாது என்பது போன்ற விதிகள் அங்கே அமலாகின்றன. செல்போனோடு வேலையைப் பகிரும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். வரையறுத்த சில கேள்விகளைப் போன் கேட்கலாம், வண்டி பதில் சொல்லலாம். கம்பித்தடத்தின் கதவைப் போனிடம் திறந்துவிடக் கூடாது.

பகிர்வை நன்றாகச் செய்ததற்கு டிஜிட்டல் சாவி நல்ல எடுத்துக்காட்டு. 2020 ஜூலை முதல் சில பிஎம்டபிள்யூ கார்களை ஐபோனால் திறக்க முடிகிறது. சாவியின் ரகசிய எண் செல்போனின் தனிப்பட்ட பாதுகாப்புச் சிப்பைவிட்டு வெளியே வருவதில்லை. கார் ஒரு சவாலை அனுப்ப, போன் அதற்குக் கையொப்பமிட்டுப் பதில் தர, கார் சரிபார்த்துக் கதவைத் திறக்கிறது. இணையம் இருவருக்கும் தேவையில்லை. ஐபோனின் சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் 5 மணிநேரம் வரை சாவி வேலை செய்யும் என்கிறது ஆப்பிள். செல்போனிடம் விட்ட வேலை, செல்போன் தடுமாறும் நேரத்தையும் யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது.

கடிவாளம் யாரிடம்?

2023 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி வரும் தன் மின்கார்களில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவின் திரைப் பிரதிபலிப்பும் இருக்காது, கூகுளோடு சேர்ந்து உருவாக்கிய அமைப்பு காருக்குள்ளேயே ஓடும் என்றது. மின்காருக்கு இதில் ஒரு நியாயம் உண்டு. பேட்டரியில் எவ்வளவு மீதமிருக்கிறது, வழியில் எந்த சார்ஜிங் நிலையத்தில் நிற்க வேண்டும், அங்கே போய்ச் சேர்வதற்குள் பேட்டரியை எவ்வளவு சூடேற்றிவைக்க வேண்டும் என்பதையெல்லாம் வழிகாட்டல் அறிந்திருந்தால் பயணம் எளிதாகும். அந்த அறிவு காரிடம் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் விவரமும் மாதச் சந்தா வருமானமும் கார் நிறுவனத்திடமே தங்கும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. செல்போனில் ஏற்கெனவே பணம் கட்டிய சேவைக்கு இன்னொரு முறை காரில் கட்ட வேண்டிய நிலை வாங்குபவருக்கு வரலாம்.

ஆப்பிள் எதிர்ப்பக்கத்திலிருந்து நகர்ந்தது. 2025 மேயில் ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் தொடங்கிய 'கார்ப்ளே அல்ட்ரா', ஸ்பீடோமீட்டர் உட்பட எல்லாத் திரைகளுக்கும் வருகிறது. இதன் உள்ளமைப்பு கவனிக்கத்தக்கது. வரைபடம், பாட்டு போன்றவை செல்போனிலிருந்து வீடியோவாக வருகின்றன. வேகமானியையும் எச்சரிக்கை விளக்குகளையும் கார் தன் கணினியிலேயே வரைகிறது. அவற்றின் வடிவமைப்புக் கோப்புகளை மட்டும் செல்போன் முன்கூட்டியே கொடுத்துவைக்கிறது. கேமராப் படம் போனைத் தொடாமல் காரிலிருந்து நேராகத் திரைக்கு வருகிறது. ஓடும்போது போன் இணைப்பு அறுந்தாலும் வேகமானி மறையாது. தோற்றம் செல்போனுடையது, பொறுப்பு காருடையது.

நம் சாலைகளில்

இந்தியாவிலும் இந்தப் பங்கீட்டைச் சட்டம் தொட்டிருக்கிறது. 'ஏஐஎஸ்-140' என்ற தரத்தின்படி, 2019 ஜனவரி முதல் பதிவாகும் பேருந்து, டாக்சி போன்ற பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும். நம் நாவிக் செயற்கைக்கோள் அமைப்பையும் கருவி ஏற்க வேண்டும். இரவு டாக்சியில் தனியாகப் போகும் பெண்ணின் செல்போன் பறிக்கப்பட்டிருந்தாலும் பொத்தான் வேலை செய்ய வேண்டும் என்பதால், அந்தப் பொறுப்பை வண்டியிடம் கொடுத்தது மிகச் சரியான முடிவு.

தனியார் வாகனங்களுக்கு இப்படி ஒரு தெளிவு இன்னும் வேண்டியிருக்கிறது. ஹூண்டாய் நிறுவனம் 2019 மேயில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரித்த 'வென்யூ' காரைப் பதித்த சிம்மோடு கொண்டுவந்த பிறகு, இணைய வசதி நடுத்தர விலைக் கார்களிலும் விளம்பர வாசகமாகிவிட்டது. வாங்குபவர்கள் ஷோரூமிலேயே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் சில உண்டு. செல்போனை வீட்டில் விட்டுவந்தால் இவற்றில் எவை வேலை செய்யும்? இலவசக் காலம் முடிந்து சந்தா கட்டாவிட்டால் எது நிற்கும், அவசர அழைப்பும் அதில் சேர்ந்ததா? உள்ளே இருக்கும் மோடம் 4ஜியா, அந்த நெட்வொர்க் மூடப்பட்டால் மாற்றித் தருவார்களா? திரை மென்பொருளுக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும்? இந்தப் பதில்கள் விற்பனையாளரின் வாய்மொழியாக இல்லாமல், மைலேஜைப் போல அச்சிட்ட தகவலாக வரும்படி மத்திய அரசு விதி வகுக்க வேண்டும். விபத்து அழைப்பு சந்தாவோடு கட்டிப்போடப்படக் கூடாது என்பதும் அந்த விதியில் இருக்க வேண்டும்.

பழைய வண்டி விற்பவர்களும் வாங்குபவர்களும் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. புளூடூத்தில் இணைத்த செல்போனின் தொடர்பு எண்களும் அழைப்புப் பட்டியலும் காரின் நினைவகத்தில் தங்கியிருக்கலாம். வண்டி கைமாறிய பிறகும் பழைய உரிமையாளரின் செயலியில் அதன் இருப்பிடம் தெரிந்துகொண்டிருக்கலாம், கதவைத் திறக்கவும் முடியலாம். விற்பவர் திரை அமைப்பின் மெனுவில் ஃபேக்டரி ரீசெட் செய்து, செயலியில் தன் கணக்கிலிருந்து வண்டியை நீக்க வேண்டும். வாங்குபவர் ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு, நிறுவனத்தின் சேவை மையத்தில் இணைய வசதிக் கணக்கையும் தன் பெயருக்கு மாற்றி, பழைய டிஜிட்டல் சாவிகளை ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ள வேண்டும்.